முற்றத்துக் கோழியும் தமிழ்ச் சிற்றூரும்

நாட்டு வரலாறு எழுதுவோர் யானையை எண்ணுவர்; குதிரையை எண்ணுவர்; கோவிலுக்கு விடப்பட்ட ஆடுகளையும் பசுக்களையும் கல்வெட்டுகளினின்று கணக்கிட்டுக் காட்டுவர். கோழியை எண்ணுவார் அரியர். இறை கட்டும் நிலத்திலும் அது சேராது. ஏர் பூட்டும் மாட்டோடும் அது சேராது. வீட்டுக் கொல்லையில் குப்பையைக் கிளறித் தன் இரையைத் தானே தேடிக்கொண்டு, மாலையில் தானே வந்து அடைந்துகொள்ளும் அச்சிற்றுயிர், ஊர்ப் பெண்டிரின் கைப்பொருளாக நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. பெண்டிரின் கைப்பொருளாயிருந்தமையே அது கணக்கில் ஏறாமற் போனதற்குரிய காரணமுமாகும். அதன் வரலாற்றை ஒருவாறு தொகுத்து நோக்குவது, சிற்றூர் வாழ்வின் ஒரு பக்கத்தை அறிந்துகொள்வதற்குத் துணைசெய்யும்.

காட்டிலிருந்து வீட்டுக்கு

வீட்டுக்கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி என்பது டார்வின் காலம் முதலே பலரும் ஏற்றுக்கொண்ட கருத்தாகும். அக்காட்டுக்கோழியுள்ளும் எக்கிளை வீட்டுக்கு வந்தது என்னும் வினாவிற்கு 2020ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வொன்று விடை தந்தது. தென்மேற்குச் சீனம், வடதாய்லாந்து, மியன்மா ஆகிய பகுதிகளில் வாழும் கிளையே வீட்டுக்கோழிக்கு மிக நெருங்கியது என அவ்வாய்வு காட்டிற்று. 2022ஆம் ஆண்டு வெளிவந்த தொல்லியல் ஆய்வுகள், தாய்லாந்தின் பான் நோன் வாட் என்னுமிடத்தில் கிடைத்த ஏறத்தாழ 3,500 ஆண்டுப் பழமையுடைய எலும்புகளையே ஐயமற்ற மிகப் பழைய சான்றாகக் கொண்டன. நெல்லும் தினையும் விளைந்த கழனிகளில் சிந்திய மணியை நாடி வந்த காட்டுப் பறவை, காலப்போக்கில் மனிதனோடு தங்கிவிட்டது என்பது அவ்வாய்வாளர் கருத்து.

இவ்வரலாற்றில் தென்னாட்டிற்கும் ஒரு பங்குண்டு. உலகெங்கும் பல கோழியினங்களுக்குக் காலும் தோலும் மஞ்சள் நிறமாயிருப்பதைக் காண்கிறோம். செங்காட்டுக்கோழிக்கு அந்நிறம் இல்லை. அது சாம்பல்நிறக் காட்டுக்கோழியிடமிருந்து கலப்பினால் வந்தது என்பதை 2008ஆம் ஆண்டு ஆய்வாளர் கண்டறிந்தனர். சாம்பல்நிறக் காட்டுக்கோழியோ தென்னிந்தியாவிற்கு உரியது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இன்றும் விடியற்காலையில் கூவித் திரிவது. எங்கோ பிறந்து வந்த கோழி, இந்நாட்டுக் காட்டுப் பறவையின் ஒரு கூற்றையும் தன் காலில் ஏற்றுக்கொண்டு உலகைச் சுற்றிற்று எனலாம்.

இலக்கியம் காட்டும் கோழி

தமிழிலக்கணம் கோழியை நன்கறியும். தொல்காப்பிய மரபியல், பறவைகளின் ஆண்பெயர், பெண்பெயர், இளமைப்பெயர்களை வகுக்குமிடத்து, 'அளகு' என்னும் பெண்பெயரைக் கோழிக்கும் கூகைக்கும் உரியதாகச் சொல்கிறது. பறப்பனவற்றின் இளமைக்குப் 'பார்ப்பு', 'பிள்ளை' என்பன பெயர்களாம். இன்று நாம் வழங்கும் 'குஞ்சு' பின்னர் இடம்பிடித்துக்கொண்டது.

சங்கப் பாடல்களிலே கோழி வெறும் பெயராக நிற்கவில்லை. வாழ்வின் ஓட்டத்தோடு நிற்கிறது. பட்டினப்பாலையில், முற்றத்தில் உலரும் உணவைக் கவர வரும் கோழியின்மேல் காவிரிப்பூம்பட்டினத்துப் பெண் ஒருத்தி தன் பொற்குழையைக் கழற்றி எறிகின்றாள். அது சிறுவர் உருட்டும் தேரின் வழியை மறிக்கின்றது. அந்நகரின் செல்வத்தைக் காட்டுதற்குப் புலவர் படைத்த காட்சியெனினும், உலரவைத்ததைக் கோழியிடமிருந்து காப்பது அன்றும் பெண்களின் வேலையாயிருந்தது என்னும் செய்தி அதனுள் அடங்கியுள்ளது. பெரும்பாணாற்றுப்படையில் வீட்டில் வளர்ந்த அளகு விருந்தினர்க்கு உணவாகின்றது.

பெண்பாற் புலவர் இருவர் கோழியைப் பாடியிருப்பது தனித்து நோக்கத்தக்கது. அள்ளூர் நன்முல்லையார் பாடிய குறுந்தொகை 157ஆம் பாடலில், சேவல் கூவிய ஒலி, கூடியிருந்தாரைப் பிரிக்கும் வாளாக விடியல் வந்ததைத் தலைவிக்கு அறிவிக்கின்றது. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 139ஆம் பாடலோ இன்னும் அணுக்கமானது. மாலைப் பொழுதில் வேலியோரத்தே காட்டுப்பூனை வந்ததறிந்து, புகுமிடம் தெரியாது கூடிநிற்கும் தன் குஞ்சுகளை நினைந்து குறுங்காற் பேடை துயரத்தோடு கூவுகின்றது. ஊரார் அலர் தூற்றும் ஓசைக்கு அக்கூவலை உவமையாக்குகின்றார் புலவர். அந்திநேரத்தில் கோழி அடைத்துப் பழகியவர்க்கன்றி இவ்வுவமை எளிதில் தோன்றாது. ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் கழிந்தும் அக்காட்டுப்பூனை வேலியோரத்தை விட்டு அகலவில்லை.

சேவலின் வீரம் வேறோர் வழியாகப் பதிவுபெற்றது. சோழர் தலைநகராகிய உறையூர்க்குக் 'கோழி' என்றொரு பெயருண்டு. யானையைச் சேவல் எதிர்த்து வென்ற நிலம் என்பது அதற்குச் சொல்லப்படும் கதை. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், தன் சேரிக்காகப் பொருது மடிந்த சேவலுக்கு எடுத்த பழைய நடுகல் கிடைத்துள்ளது. ஆநிரை மீட்டு வீழ்ந்த மறவனுக்குச் செய்த சிறப்பைச் சேவலுக்கும் செய்த ஊர் அது. முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு வளர்த்து வீட்டைத் தாங்கிய பேடைக்கு எவரும் கல் எடுக்கவில்லை.

அடையும் குஞ்சும்

நாட்டுக்கோழி வளர்ப்பில் எழுதப்படாத ஒரு நூலறிவு உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 60 முதல் 80 முட்டை வரை இடும் கோழி, அவற்றை மூன்று நான்கு சுற்றுகளாக இடும். ஒரு சுற்று முடிந்ததும் கொக்கரிப்பை நிறுத்திக் குரல் மாறி, இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூட்டை விட்டு எழாது கிடக்கும். அதனை அடைக்கோழி என்பர். அடை வேண்டாதபோது நீரில் முக்கியெடுப்பதும், மூக்கில் இறகு செருகி விடுவதும் அடை தெளிவிக்கும் வழிகளாம்.

அடை வேண்டுமாயின், பழங்கூடையில் மணலோ தவிடோ பரப்பி, மேலே வைக்கோலிட்டு முட்டைகளை வைப்பர். பேன் அண்டாதிருக்கச் சாம்பலும் வேப்பிலையும் நொச்சியிலையும் இடுவர். முட்டையின் எண்ணிக்கை ஒற்றைப்படையாயிருக்க வேண்டுமென்பது வழக்கம். இடியோசையால் கரு கலங்குமென்று கூடையில் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் மிளகாயும் போட்டுவைப்பர். முட்டையை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துக் கருவோட்டம் பார்ப்பதும், பொரிக்கும் நாள் நெருங்குகையில் வெதுவெதுப்பான நீரிலிட்டு அசைவு பார்ப்பதும் உண்டு. 21ஆம் நாள் குஞ்சு வெளிவரும். வெளிவராது போனது கூமுட்டை.

வந்த குஞ்சைக் காப்பது அதனினும் கடினம். பகலில் வானத்தே பருந்து, கூரைமேற் காகம், வேலியிலே கீரி, இரவில் பாம்பும் காட்டுப்பூனையும், தெருவில் நாய். மூங்கிற் பிளாச்சால் முடைந்த பஞ்சாரத்தைக் கவிழ்த்துத் தாயையும் குஞ்சுகளையும் மூடிவைப்பர். மேலே ஒரு கல்லை ஏற்றுவர். பருந்தின் நிழல் தரையில் ஓடக் கண்டால் தாய்க்கோழி எழுப்பும் குரலை அடுக்களையிலிருக்கும் பெண் இனங்கண்டு, கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவாள். பன்னிரண்டு குஞ்சு பொரித்த தாயிடம் இரண்டு திங்கள் கழித்து நான்கைந்து மிஞ்சுவதே பல வீடுகளில் இயல்பு.

குஞ்சுகளின் இரைக்குச் சிற்றூர் கண்ட வழி வியப்பிற்குரியது. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலை முதலியவற்றைத் திணித்து நீர் தெளித்து, கரையான் புற்றருகே மாலையிற் கவிழ்த்து வைத்தால், மறுநாட் காலையில் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். அதனைத் தட்டிவிட்டால் குஞ்சுகள் மொய்த்துத் தின்னும். வளரும் குஞ்சிற்கு வேண்டிய புரதம் காசின்றிக் கிடைத்தது. வீட்டை அரிக்கும் கரையானுக்கும் ஒரு தடை உண்டாயிற்று.

கோழிகளுள்ளும் பல வகைகளை ஊரார் பிரித்தறிவர். உடல் சிறுத்து அடைக்குச் சிறந்தது சிறுவிடை. உயர்ந்து வளர்ந்து சண்டைக்கும் இறைச்சிக்கும் ஏற்றது பெருவிடை. தலையிலே குடுமிபோல் இறகு நிற்பது கிராப்புக்கோழி. கழுத்தில் இறகின்றிச் சிவந்திருப்பது கழுத்தறுத்தான். உடலின் வெப்பம் எளிதில் வெளியேற இறகின்மை துணைசெய்வதால், கழுத்தறுத்தான் கோடையைத் தாங்கவல்லது என்பதைப் பிற்கால ஆய்வுகளும் உறுதிசெய்தன.

சிறுவாட்டுப் பணம்

நிலமும் மாடும் ஆடவர் பெயரில் இருந்த வீட்டில் கோழி மட்டும் பெண்ணின் பெயரில் இருந்தது. முட்டை விற்ற காசும் விடலைச் சேவல் விற்ற காசும் அடுக்குப்பானையிலோ அரிசிக்குள்ளோ மறைந்து சிறுவாடாயின. பிள்ளையின் பலகைக்கும், வளையலுக்கும், மருந்துக்கும், பிறந்த வீட்டுப் பயணத்திற்கும் அப்பணம் உதவிற்று. எவரிடமும் கை நீட்டாமற் செலவிடக்கூடிய பணம் அது ஒன்றே என்னும் நிலையிலிருந்த பெண்கள் பலர்.

கோழி இல்லாத பெண்ணுக்கும் ஒரு வழி இருந்தது. உள்ளவளிடம் ஒரு பேடையை வாரத்திற்குப் பெற்று வளர்த்து, பொரித்த குஞ்சுகளில் பாதியைத் திருப்பித் தரும் வழக்கம் ஊர்தோறும் நிலவியது. பத்திரமும் சாட்சியும் இன்றி, ஆண்டிரண்டில் அவளும் கோழிக்குடையவள் ஆனாள்.

இதனால் எழுந்த பூசல்களும் குறைவல்ல. அடுத்த வீட்டு வைக்கோற்போரில் இட்ட முட்டை யாருக்குரியது, கீரைப்பாத்தியைக் கிளறியது யார் கோழி, மாலையில் அடையாத கோழி எந்த அடுப்பில் வெந்தது என்பன தெருச்சண்டைக்கு வற்றாத ஊற்றுகளாயிருந்தன. அடையாளத்திற்காகக் காலில் துணி கட்டுவதும் இறகு நறுக்குவதும் இதனாலேயே.

நேர்த்திக்கடன் கோழிக்கு ஒரு நிலையான விலையைத் தந்தது. கருப்பருக்கும் முனீசுவரருக்கும் அம்மனுக்கும் நேர்ந்துவிட்ட சேவலைத் திருவிழா வரை காத்து வளர்த்தனர். 1950ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டம் நெடுநாள் ஏட்டளவில் இருந்து, 2003ஆம் ஆண்டு தமிழகத்திற் கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டபோது சிற்றூர்க் கோவில்களில் பெருங்கலக்கம் ஏற்பட்டது. 2004ஆம் ஆண்டு அச்சட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. வழிபாட்டுரிமை பற்றியே அன்று பெரிதும் பேசப்பட்டது. சேவல் வளர்த்து விற்கும் பெண்ணின் வருவாயும் அதனோடு பிணைந்திருந்தது.

கோடைக் கொள்ளைநோய்

பருந்தையும் கீரியையும் விரட்டலாம். ஒரே வாரத்தில் ஊர்க்கோழி முழுவதையும் வாரிக்கொண்டு போகும் நோயை விரட்ட இயலவில்லை. பங்குனி, சித்திரையில் கோழி சிறகு தொங்கி, கண் மூடி, வெள்ளையும் பச்சையுமாய்க் கழிந்து, வாயைத் திறந்து மூச்சுவாங்கும், சில கழுத்தைத் திருகிக்கொண்டு சுழலும், பெரும்பாலானவை இறந்துபடும். வெள்ளைக்கழிச்சல் என்று மக்கள் அழைத்த இந்நோய், 1926ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் சாவகத்திலும் கண்டறியப்பட்டது. இந்தியாவில் இமயமலை அடிவாரத்துக் குமாயூன் பகுதியிலுள்ள ராணிக்கேட்டில் அடையாளங் காணப்பட்டமையால், இங்கு ராணிக்கேட் நோய் எனப் பெயர் பெற்றது.

நோய் பரவிய விதத்தில் ஓர் அவலம் உண்டு. முதற்கோழி வாடக் கண்டவுடன், இருப்பதையாவது காசாக்குவோம் என்று பெண்கள் நலமாய்த் தோன்றும் கோழிகளை வியாபாரியிடம் விற்றனர். மிதிவண்டியிற் கூடை கட்டி ஊரூராய் வரும் வியாபாரி, நச்சுயிரியையும் கூடையிலேயே எடுத்துச்சென்றார். ஒரு வீடு தன் இழப்பைக் குறைக்கச் செய்த முயற்சி அடுத்த ஊரின் இழப்பாயிற்று. இதில் எவரையும் குறைகூற இயலாது. வேறு காப்பு அவர்களுக்கு இல்லை. சின்ன வெங்காயமும் சீரகமும் மஞ்சளும் அரைத்துப் புகட்டும் கைவைத்தியம் சில்லறை நோய்களுக்கு உதவியிருக்கலாம். இந்நோய் கண்ட பின்னர்த் தீர்க்கும் மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. வருமுன் காப்பதொன்றே வழி.

சீர்திருத்தம் வந்த வழி

இருபதாம் நூற்றாண்டில் சிற்றூர்க் கோழியைத் திருத்த எழுந்த முயற்சிகளுள் மார்த்தாண்டம் முன்னிற்கின்றது. அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த அவ்வூரில், 1920களில் இளைஞர் கிறித்தவ சங்கத்தின் ஊரகச் சீரமைப்பு நிலையத்தை ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் நடத்தினார். உயரினச் சேவல்களை ஊருக்குள் விட்டு நாட்டுக்கோழியோடு கலக்கச் செய்ததும், முட்டைகளைத் தரம் பிரித்துக் கூட்டுறவாக விற்கச் செய்ததும் அந்நிலையத்தின் பணிகளுள் அடங்கும். விடுதலைக்குப் பின்னர் ஐந்தாண்டுத் திட்டங்களிலும் இவ்வழியே பெரிதும் பின்பற்றப்பட்டது. உள்ளூர்ச் சேவலை அகற்றி வெள்ளை லெகார்ன் சேவலை இடுக என்பது அரசு விரிவாக்கப் பணியாளர் கூறிய அறிவுரை.

நோக்கம் நன்றே. ஆயினும் கேட்கப்பட்ட வினா 'இக்கோழி எத்தனை முட்டையிடும்?' என்பதாக இருந்தது. லெகார்ன் மிகுதியாக முட்டையிடும், அடைகாக்காது. வெண்ணிறம் பருந்தின் கண்ணிற்கு எளிதிற் படும். குப்பையைக் கிளறி வாழும் திறமும் ஓடி ஒளியும் விரைவும் அதற்குக் குறைவு. முட்டைப்பொறியும் கலப்புத்தீவனமும் உடைய பண்ணைக்கு ஏற்ற பறவை அது. பண்ணை என்னும் திசையிலேயே கோழித்தொழில் வளர்ந்தது. நாமக்கல் வட்டாரம் இந்தியாவின் முட்டைக் களஞ்சியங்களுள் ஒன்றாயிற்று. 1989ஆம் ஆண்டு சத்துணவில் முட்டை சேர்க்கப்பட்டது. பண்ணை முட்டை ஏழைக் குழந்தையின் தட்டிற்கு வந்தமை பெரும்பேறே. அதனை மறுப்பார் இல்லை. அக்குழந்தையின் தாய் வளர்த்த கோழிகளோ சித்திரை தோறும் மடிந்துகொண்டிருந்தன.

பின்னர்க் கொல்லைப்புற வளர்ப்பிற்கென்றே ஐதராபாத்தில் வனராஜாவும் கிராமப்பிரியாவும், பெங்களூரில் கிரிராஜாவும், தமிழகத்தில் நந்தனம் கோழியும் உருவாக்கப்பட்டன. நிறத்தில் நாட்டுக்கோழியைப் போன்றிருந்த இவை முட்டையிலும் எடையிலும் அதனை விஞ்சின. எனினும் அடைகாக்கும் குணம் இவற்றில் மிகக் குறைவாதலின், மறு தலைமுறைக் குஞ்சுக்கு மீண்டும் பொரிப்பகத்தையே நாடவேண்டியிருந்தது. வாரத்திற்குக் கோழி விட்ட ஊரில் குஞ்சு விலைக்கு வாங்கும் பொருளாயிற்று.

நூறு கோழிக்கொரு குப்பி

நோய்க்குத் தடுப்பு மருந்து இல்லாமலில்லை. முக்தேசுவர் ஆய்வு நிலையத்தின் பெயர்தாங்கிய தடுப்பூசி 1940களிலேயே நாட்டில் உருவாயிற்று. ராணிக்கேட் நோய்க்குரிய மருந்தைத் தமிழகத்து ராணிப்பேட்டையில் 1932ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் ஆக்கி வழங்கி வருகின்றது. மருந்து இருந்தும் ஏன் கோழி மடிந்தது என்பதே ஆராயத்தக்க வினா.

தடுப்பூசிக் குப்பி ஒன்றில் நூறு, இருநூறு கோழிக்குரிய மருந்து இருக்கும். அதனைப் பனிக்கட்டியில் வைத்துக் காக்க வேண்டும். கரைத்த பின் ஓரிரு மணி நேரத்திற்குள் போட்டு முடிக்க வேண்டும். பண்ணைக்கு இஃது எளிது. ஐந்து கோழி உடையவளுக்கு ஒரு குப்பி எதற்கு? ஊர் முழுதும் ஒரே நாளிற் போடலாமென்றால், கோழி அடைந்திருப்பது விடியற்காலையில். பணியாளர் வருவதோ வெயில் ஏறிய பின்னர். வேலிக்குள்ளும் மரத்தின்மேலும் ஓடிய கோழியைப் பிடிப்பார் யார்? ஊசி போட்ட மறுநாள் ஏற்கெனவே நோய்கொண்டிருந்த கோழி இரண்டு இறந்தால், ஊசியே கொன்றது என்னும் பேச்சு அடுத்த ஊருக்குப் பரவும். ஆண்டுதோறும் கோடைக்கு முன், பெரும்பாலும் பிப்ரவரித் திங்களில், தமிழகக் கால்நடைத் துறை நடத்தும் தடுப்பூசி முகாம்கள் இவ்விடர்களுக்கு இடையேதான் நடந்து வந்துள்ளன.

இத்தடையை உணர்ந்த அறிவியலார் வேறு வழி தேடினர். ஆஸ்திரேலியாவில் கண்டெடுத்த, நோய் விளைவிக்காத, வெப்பம் தாங்கும் நச்சுயிரியைக் கொண்டு, தீவனத்தோடு கலந்து ஊட்டும் மருந்தை 1980களில் மலேசியச் சிற்றூர்களிற் சோதித்தனர். அவ்வழியில் வந்த மருந்துகள் ஆப்பிரிக்க, ஆசியச் சிற்றூர்களில் கண்ணிற் சொட்டாக இட்டும் பயன் தந்தன. 1989ஆம் ஆண்டு தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் நாட்டுக்கோழிக்கென வாய்வழிக் குருணை மருந்தை உருவாக்கிற்று. கோழியைத் துரத்திப் பிடிக்காமல், இரையோடு இரையாய் அப்பெண்ணே தன் கையால் இடக்கூடிய மருந்து அது. முட்டையின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்குக் காட்டிய விரைவை இம்மருந்தைக் கொல்லைதோறும் சேர்ப்பதற்கும் காட்டியிருப்பின், எத்தனையோ சிறுவாடுகள் கரையாதிருந்திருக்கும்.

இன்றைய நிலை

2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில், கோழி முதலிய வளர்ப்புப் பறவைகளின் எண்ணிக்கையில் தமிழகம் ஏறத்தாழ 12 கோடியோடு முதலிடம் பெற்றது. நாடு முழுதும் கொல்லைப்புறப் பறவைகள் ஏறத்தாழ 31 கோடியே 70 இலட்சம். 2012ஆம் ஆண்டினும் இது 46 விழுக்காடு மிகுதி. அழிந்துவிடும் எனப் பலர் கருதிய முற்றத்துக் கோழி அழியவில்லை.

நகர மக்கள் நாட்டுக்கோழியின் சுவையை விரும்பிக் கூடுதல் விலை தருகின்றனர். அவ்விருப்பம் நன்மையும் செய்தது, தீமைக்கும் இடங்கொடுத்தது. 2012ஆம் ஆண்டளவில் கொங்கு வட்டாரத்தில் ஈமுப் பண்ணைகளோடு நாட்டுக்கோழிப் பண்ணைகளின் பெயராலும் முதலீடு திரட்டப்பட்டு, எளிய மக்கள் பலர் தம் சேமிப்பை இழந்தனர். குப்பைமேட்டில் செலவின்றி வளர்ந்ததே நாட்டுக்கோழியின் வலிமை. அதனைக் கொட்டகையில் அடைத்து விலைத்தீவனம் இட்டுப் பெருவருவாய் காணலாம் என்னும் சொல்லை நம்பியோர் அவ்வலிமை எங்கிருந்து வந்தது என்பதை எண்ணிப் பார்த்திலர்.

கம்பும் சோளமும் புடைத்த களங்கள் குறைந்து, முற்றங்கள் சிமெண்டுத் தளமாகி, வைக்கோற்போர்கள் மறைந்து வரும் ஊர்களில் கோழிக்கு இரையும் ஒதுங்கிடமும் சுருங்கியுள்ளன. அங்கும் விதவைப் பெண்களும் முதியோரும் நிலமற்றோரும் நான்கைந்து கோழிகளை விடாது வளர்த்து வருகின்றனர். அவர்களுக்கு வேண்டுவன மிகச் சில: காலத்தில் ஒரு பிடி குருணை மருந்து, உறுதியானதொரு பஞ்சாரம், குஞ்சுக்கு முதற் சில வாரங்களின் காவல், சரியான விலை. புதிய இனமும் பெருந்திட்டமும் இவற்றின் பின்னரே. மாசாத்தியார் கேட்ட பேடையின் குரல் இன்றும் மாலை தோறும் வேலியோரத்தே எழுகின்றது. அக்குரலுக்கு முதலில் செவிகொடுத்து, வேண்டுவதை அதன்பின் வகுப்பதே ஊரக நலம் நாடுவோர் கடனாகும்.